மூன்று ஆணியில் மூன்று செயின்

என் தங்கையை வீட்டில் வண்டு என்றுதான் கூப்பிடுவோம். ஓர் இடத்தில் உட்கார்ந்தாள் என்று சரித்திரமே கிடையாது. தவழ்கிற வயசிலேயே தையல் மெஷினுக்கு அடியில் போய், மிதிபலகையைப் பிடித்து ஆட்டிக்கொண்டு ரீங்காரம் போடுவாளாம். அப்பா வைத்த பேர். கழுதை வயசாகியும் அதுதான் பேர்.

எனக்கும் அப்பாவுக்கும் தையல் தொழில். தெருவைப் பார்த்த முன்னறையில் இரண்டு மெஷின். அவர் வெட்டித் தைப்பார், நான் ஓரம் அடித்துப் பொத்தான் வைப்பேன். வண்டுவுக்கு ஊசியைக் கண்டாலே ஆகாது. அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். கிளினிக் கிளினிக்காகப் போய் ரத்த மாதிரிகளைப் பெட்டியில் வாங்கி, அவர்கள் கொடுத்த கனத்த சைக்கிளில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பகல் பூராவும் மிதித்துவிட்டு வருகிறவள், மறுநாள் விடியும்போதே தன் சொந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு மலைப்பாதைக்குக் கிளம்பிவிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏண்டி, உனக்குக் கால்தான் இருக்கா, இல்ல மோட்டார் மாட்டி அனுப்பிட்டாங்களா?"

"மோட்டாரா இருந்தா பெட்ரோல் கேக்கும்க்கா. நான் ஒரு டம்ளர் காபிதானே கேக்கறேன். போடேன்."

இப்படித்தான் வாயை அடைப்பாள்.

அந்தச் சொந்த சைக்கிள் இருக்கிறதே, அது பந்தய சைக்கிள். மெல்லிசு டயர், ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த கைப்பிடி. சமையலறைக்குப் போகிற நடையில் சுவரோடு சாய்ந்து நிற்கும். குழம்புச் சட்டியோடு அதை ஒருக்களித்துத் தாண்டி வருவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். அதற்கு மேலே சுவரில் மூன்று ஆணி. அதில்தான் அவளுடைய செயின்கள் தொங்கும். ஒரு சைக்கிளுக்கு எதற்கு மூன்று செயின் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். கேட்டது தப்பாகப் போயிற்று, அரை நாள் பாடம் எடுத்தாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். ஓட ஓடச் செயினின் கண்ணிகள் உள்ளுக்குள் தேய்கின்றன. தேயத் தேய, கண்ணுக்குத் தெரியாத அளவு செயின் நீளுகிறது. நீண்ட செயின் பின்சக்கரத்துப் பல்லைத் தன் அளவுக்கு அரித்துக்கொள்கிறது. மழையும் மண்ணும் பட்டால் சீக்கிரம், துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தால் மெதுவாக. கொஞ்சம் நீண்டதுமே செயினை மாற்றிவிட்டால், ஒரு செட் பல்லுக்கு இரண்டு மூன்று செயின் வரை போடலாம். முன்பக்கத்துப் பல்வட்டம் இன்னும் கூட உழைக்கும். மாற்றாமல் விட்டுவிட்டாலோ, தேய்ந்த செயினும் தேய்ந்த பல்லும் ஒன்றுக்கொன்று பழகிப்போய்விடும். அதற்கு மேல் அந்த ஜோடியைப் பிரிக்கக் கூடாது. மாற்றினால் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

அதற்குத்தான் மூன்று செயின். ஒன்று கொஞ்ச காலம் ஓடும், கழற்றி மண்ணெண்ணெயில் அலசி ஆணியில் மாட்டுவாள், அடுத்தது ஏறும். மூன்றும் பல்லும் ஒரே சீராகத் தேய்ந்துகொண்டு வரும். அடையாளத்துக்கு ஒவ்வொன்றிலும் எங்கள் நூல்கண்டிலிருந்து ஒரு கலர் நூல் கட்டியிருந்தாள். சிவப்பு, மஞ்சள், நீலம். அளந்து பார்க்க இரும்புத் தகடு ஒன்று வைத்திருந்தாள். அதன் கொக்கி கண்ணிக்குள் தளர்வாக விழுந்தால் செயினின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். அந்த வருஷம் மூன்றிலுமே கொக்கி விழ ஆரம்பித்திருந்தது.

"அப்ப மாத்தித் தொலைக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"மாத்தினா பல்லையும் மாத்தணும்க்கா. அது லேசுல வாங்கற சாமானா? செலக்‌ஷன் வரைக்கும் இதுவே தாங்கும். எடுத்துட்டாங்கன்னா சைக்கிளே அவங்க குடுப்பாங்க."

செலக்‌ஷன்தான் அவளுக்கு மூச்சு. வருஷத்துக்கு ஒரு தடவை மலையேற்றப் பந்தயம் வைத்து, முதலில் வருகிற இரண்டு பெண்களை ஒரு கம்பெனி தன் சைக்கிள் அணியில் சேர்த்துக்கொள்ளும். சம்பளம், பயிற்சி, தங்க இடம், எல்லாம் உண்டு. ரத்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லொங்கு லொங்கென்று அலைய வேண்டாம். போன வருஷம் மூன்றாவதாக வந்தாள். முப்பது தாண்டினவர்களை எடுக்க மாட்டார்கள். அவளுக்கு இதுதான் கடைசித் தடவை, இது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். விலை உயர்ந்த துணி எது வந்தாலும், கத்தரியைத் தொடுவதற்கு முன்னால் மெஷினில் புது ஊசி மாட்டுவார். இருக்கிற ஊசி நேற்றுப் போட்டதாக இருந்தாலும் சரி. "முக்கியமான வேலைக்குப் பழைய ஊசியோட உட்காரக் கூடாதும்மா" என்பார். வண்டு பந்தயத்துக்குப் போட்டுக்கொள்கிற மஞ்சள் சட்டையையும் அவர்தான் தைத்தார். அதற்கும் புது ஊசி. அம்மா போன பிறகு அவர் ஆசையாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

பந்தயத்துக்கு முதல் நாள் வண்டு, சைக்கிளில் ஓடிக்கொண்டிருந்த செயினையும் கழற்றி அலசி மூன்றாவது ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். நான் தைத்த துணிகளைக் கொடுக்கப் போய்விட்டுத் திரும்பினேன். வாசலிலேயே அப்பா நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் பல்.

"வா வா, நடையில போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். சைக்கிளில் புதுச் செயின் வெள்ளியாக மின்னியது. தலையைத் தூக்கினேன். மூன்று ஆணியும் காலி.

"அப்பா, பழசெல்லாம் எங்க?"

"அது எதுக்கு இன்னும்? கரேல்னு எண்ணெய்ப் பிசுக்கு. பழைய இரும்பு எடுக்கறவன் வந்தான், தூக்கிப் போட்டுட்டேன். அப்புறம் வண்டியைத் தள்ளிட்டுப் போய்க் கடையில இருக்கறதுலயே நல்ல செயினாப் பார்த்துப் போட்டுட்டு வந்தேன். கடைக்காரன் பல்லையும் மாத்தணுமேன்னான். விக்கறவன் அப்படித்தானே சொல்லுவான்? நானா ஏமாறுவேன்! செயின் மட்டும் போடுப்பான்னுட்டேன்."

 கத்தியிருப்பேன், என் வாய்தான் ஊரறிந்ததாயிற்றே. அதற்குள் வண்டு வந்துவிட்டாள். நடையில் நின்று செயினைப் பார்த்தாள், ஆணிகளைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அந்த மனுஷன் பரிசு வாங்கின குழந்தை மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"எப்படி?"

"சூப்பரா இருக்குப்பா" என்றாள்.

சைக்கிளை வெளியே எடுத்துப்போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். தெரு முனையில் ஏற்றமாக ஒரு சந்து உண்டு. அதில் ஏறி, எழுந்து நின்று அழுத்தினாள். கடக்கென்று ஒரு சத்தம். செயின் பல்லை விட்டுத் தாவியது, கால் வெறும் காற்றில் இறங்கியது. கியரை மாற்றி மாற்றிப் பார்த்தாள். அதிகம் புழங்காத பெரிய பல்லில், லேசாகச் சுற்றும் ஆனால் வேகம் வராத அந்தக் கியரில், பிடிமானம் இருந்தது. நடுவில் இருக்கிற இரண்டில், அவள் தினமும் மலையேறித் தேய்த்த அந்த இரண்டில்தான், அழுத்தின போதெல்லாம் தாவியது.

இரும்பு எடுப்பவரைத் தேடிப் போனோம். அவர் அன்றைய சரக்கை அப்போதே லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டிருந்தார். சைக்கிள் கடைக்கு ஓடினோம். அவள் வண்டிக்குப் பொருந்துகிற பல் கையிருப்பில் இல்லை, சொல்லித்தான் வரவழைக்க வேண்டும் என்றார்கள். திரும்பி வருகிற வழியில் அழுதது நான்தான்.

"நான் போய் அவரைக் கேக்கத்தான் போறேன். யாரைக் கேட்டுத் தொட்டீங்கன்னு நாக்கைப் பிடுங்கற மாதிரி நாலு கேள்வி!"

"ஒரு வார்த்தை பேசினே, நான் நாளைக்குப் போகவே மாட்டேன்." நடுத்தெருவில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பெரிய பல்லுல வேகமா மிதிச்சு ஏறிடறேன்க்கா. நடு கியரைத் தொடாமலே முடிச்சுட்டா ஒண்ணும் ஆகாது. அவருக்கு ஏன் தெரியணும்?"

மறுநாள் நானும் அப்பாவும் முதல் பஸ்ஸில் மலை உச்சிக்குப் போய் முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தோம். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரிடம், "மஞ்சள் சட்டை வரும் பாருங்க, அது நம்ம பொண்ணு. நேத்துதான் புதுச் செயின் போட்டுக் குடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றின மாதிரி இருந்தது எனக்கு.

கடைசி வளைவில் மூன்று பேர் சேர்ந்து வந்தார்கள். அதில் ஒன்று மஞ்சள். மற்ற இருவரும் ஒரு மிதி மிதிக்கிற நேரத்தில் இவள் இரண்டு மிதி மிதித்துக்கொண்டு வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. அப்பா என் தோளைப் போட்டு உலுக்கினார். "வந்துட்டா! வந்துட்டாடி!"

கோடு தெரிந்ததும் அந்த இருவரும் எழுந்து நின்று பாய்ந்தார்கள். அந்த வேகத்துக்குப் பெரிய பல் போதாது. எனக்கே தெரிந்தது, அவளுக்குத் தெரியாதா? எழாதே, எழாதே என்று மனசுக்குள் கதறினேன். எழாமல் இருந்தால் மூன்றாவது, மூன்றாவதுக்கு அங்கே மதிப்பில்லை. அவள் கியரை மாற்றினாள். எழுந்து நின்று ஓர் அழுத்து, இரண்டாவது அழுத்து. ஒருத்தியைத் தாண்டியே விட்டாள். மூன்றாவது அழுத்தில் அந்தச் சத்தம் வந்தது.

கைப்பிடிக்கு மேலே போய்த் தார் ரோட்டில் விழுந்தாள். முழங்கால் சில்லு இரண்டாகப் போயிற்று.

அப்பா ஓடிப்போய் அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "என்னம்மா ஆச்சு? எப்படிம்மா?"

"கால் வழுக்கிடுச்சுப்பா" என்றாள். சொல்லிக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியில் என் வளையல் நெளிந்துவிட்டது.

கட்டுப் பிரித்தபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. கால் முன் மாதிரி மடங்கவில்லை. மலைப்பாதையை மறந்துவிடச் சொன்னார் டாக்டர். அவள் முப்பதைத் தாண்டினாள். பரிசோதனைக் கூடத்தில் பெரிய மனசு பண்ணி, உட்கார்ந்து சீசாக்களில் லேபிள் ஒட்டுகிற வேலை கொடுத்தார்கள். பிறந்ததிலிருந்து உட்காராதவள் இப்போது நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள்.

அப்பா கிழிந்த மஞ்சள் சட்டையை இழை தெரியாமல் தைத்து மடித்து வைத்தார். துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம், "என்னால ஆனதைச் செஞ்சேன், செயின்கூடப் புதுசு. அவ காலுக்குத்தான் குடுத்துவைக்கல" என்பார். நான் ஓரம் அடிக்கிற துணியைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். நாக்கைக் கடித்துக் கடித்து எனக்கு நாக்கே மரத்துப்போயிற்று.

ஒருநாள் வண்டு, "சைக்கிளைக் குடுத்துடலாம்க்கா, நடையில இடமாவது மிஞ்சும்" என்றாள். வாங்க ஓர் ஆள் வந்தார், பள்ளிக்கூட டிரில் வாத்தியார். அப்பா மெஷினை விட்டு எழுந்து வந்து தானே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்க் காட்டினார்.

"செயினைப் பாருங்க சார், புத்தம்புதுசு. ஒரே ஒரு நாள்தான் ஓடியிருக்கு."

வாத்தியார் ஏறி அந்தச் சந்து ஏற்றத்துக்குப் போனார். போன சுருக்கில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்னங்க இது? தேஞ்ச பல்லுல புதுச் செயினைப் போட்டு வச்சிருக்கீங்க? அழுத்தினா தாவுதே! நல்ல வேளை, நான் மெதுவாப் போனேன். வேகத்துல எந்திரிச்சு மிதிச்சிருந்தா ஆளையே கவுத்துருக்கும். யாரு போட்டது?"

 வண்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா சைக்கிளைப் பார்த்தார். பிறகு அவள் முழங்காலைப் பார்த்தார். அங்கிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"அது வந்து, பழசுப்பா, எப்பவோ..." என்று வண்டு ஆரம்பித்தாள்.

"காலுதான் வழுக்கிச்சுன்னியேம்மா."

"ஆமாப்பா. காலுதான்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "பெரியவளே, உனக்குத் தெரியுமா?"

வாய்க்கு வந்ததைப் பேசுகிறவள் என்று பேர் எடுத்தவள் நான். ஒரு பொய், ஒரே ஒரு பொய் வரவில்லை. நான் பேசாமல் நின்றதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. உள்ளே போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தார், மிதிபலகையில் கால் வைக்கவில்லை. வண்டு காலை இழுத்து இழுத்து நடந்துபோய் அவர் முதுகில் கை வைத்தாள். அந்தக் கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அந்த மனுஷன் அழுதாரே, அந்தச் சத்தத்தை நான் என் அம்மா போன அன்றுகூடக் கேட்டதில்லை.

சைக்கிள் விலை போகவில்லை. நடையிலேயே நிற்கிறது. நாங்கள் பழையபடி அதை ஒருக்களித்துத் தாண்டிப் போகிறோம்.

அப்பா இப்போதும் தைக்கிறார். ஆனால் எப்பேர்ப்பட்ட துணி வந்தாலும் ஊசியை மாற்றுவதில்லை. முனை மழுங்கி இழையை இழுக்கிறது, வாடிக்கைக்காரர்கள் குறை சொல்கிறார்கள். "இருக்கறதே இருக்கட்டும்மா, எதையும் தொட வேண்டாம்" என்கிறார். அவர் சாப்பிட எழுந்து போகிறபோது நான் திருட்டுத்தனமாகப் புது ஊசி மாட்டி வைக்கிறேன். புதுசு என்று அவருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று, அதன் மினுமினுப்பு போகிற வரை எண்ணெய்த் துணியால் கறுக்கத் தேய்த்துத்தான் மாட்டுகிறேன்.