பதினாலு வயசில் எடுத்தது

எண்பதுகளின் தொடக்கத்தில் ஏற்காட்டில் நாங்கள் நான்கு பேர் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். எல்லோரும் எஸ்டேட் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், பள்ளி இறுதி வகுப்பில் படித்தோம். மாதத்துக்கு ஒரே ஒரு பிரதி. பஸ் நிலையத்து டீக்கடையில் கிடந்து, வடை எண்ணெய் ஊறி எங்களிடம் திரும்பி வரும். படம் வரைபவள் எங்களில் ஒரே பெண்ணான, பக்கத்து வாழவந்தி கிராமத்துக்காரி. கலர் வாங்க வசதியில்லாமல், காப்பி டிகாக்‌ஷனை வற்றக் காய்ச்சி அதைத் தொட்டு வரைவாள். பிரித்தாலே காப்பி மணக்கும். எத்தனையோ அச்சுப் பத்திரிகைகளைப் பிறகு பார்த்துவிட்டேன், அப்படி மணத்தது ஒன்றுமில்லை.

அந்த வருடம் காப்பிப் பழம் எடுப்பு முடிந்த கையோடு அவளுடைய தம்பியைப் போலீஸ் கூட்டிப்போனது. பதினாலு வயது. செடிக்கடியில் உதிர்ந்து கிடந்த காப்பிப் பழங்களைச் சாக்கில் பொறுக்கியிருந்தான். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் புகார் கொடுத்தார். வழக்கு முடியும்வரை என்று சொல்லி, கீழே சமவெளியில் ஒரு சீர்திருத்தப் பள்ளியில் அடைத்துவிட்டார்கள்.

“கீழ உளுந்ததத்தானுங்க பொறுக்குனான்,” என்று அவன் அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லி அழுதார். “அதுக்கு ஊட்ட விட்டுப் புள்ளயப் பிரிக்கறதுங்களா?”

சில நாட்கள் கழித்து எங்கள் தோழி ஒரு படத்தோடு வந்தாள். வீட்டுப் பாயில் வரிசையாகப் பிள்ளைகள் தூங்குகிறார்கள், நடுவில் தம்பியின் இடம் காலி.

“இவனத் திருடன்னு சொல்றாங்கல்ல? அவங்கல்லாம் பதினாலு வயசுல என்ன எடுத்தாங்கன்னு கேப்பமா?” என்றாள்.

கேட்டோம். முதலில் முறைத்தவர்கள், பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்கள். டீக்கடைக்காரர் கோயிலுக்கு வந்த தேங்காயை எடுத்திருந்தார். பஸ் கண்டக்டர் மாமாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு சேலம்வரை போயிருந்தார். பூ விற்கும் அம்மா ஆரஞ்சுத் தோட்டத்தில் மடி நிறையப் பறித்திருந்தார். நான் எழுத, அவள் வரைந்தாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரே வரி: ‘அன்று என்னை யாரும் அடைத்து வைக்கவில்லை.’

ஞாயிற்றுக்கிழமை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கிடையே கயிறு கட்டிப் பக்கங்களை மாட்டினோம். பனி இறங்கி மை கரையும், மறுபடி எழுதுவோம். ஏரி பார்க்க வந்தவர்கள் சிரித்தபடியே படித்துக்கொண்டு போய், கடைசியில் தம்பியின் இடம் காலியாக இருந்த படத்தின் முன்னால் நின்றுவிடுவார்கள்.

ஒருநாள் ரைட்டரே வந்தார். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பக்கம் விடாமல் படித்தார். கயிற்றை அறுத்துவிடுவாரோ என்று நாங்கள் மரத்தோடு நெருங்கி நின்றுகொண்டோம்.

“ஆரு வரஞ்சது?”

“நானுங்க. அவனோட அக்கா,” என்றாள்.

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் டீக்கடையில் எங்களைக் கூப்பிட்டு, “என்னுதையும் எழுதிக்க, கண்ணு,” என்றார். “பக்கத்து ஊட்டுக் கோழியப் புடிச்சுட்டேன். அந்தம்மா என்னயப் போலீசுக்குக் குடுக்கல. அதே கோழியக் கொழம்பு வெச்சு எனக்கும் ஒரு கிண்ணம் ஊத்துனாங்க. நொம்ப வருசமா அத மறந்தே போயிருந்தேன்.”

எஸ்டேட் மேனேஜரிடம் பேசியது அவர்தான். நிறையப் பேச்சு வாங்கினார் என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் சம்மதிக்க வைத்து, சேலம் கோர்ட்டுக்குப் போய்ப் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லிவிட்டு வந்தார்.

தம்பி, பள்ளியில் அடித்துவிட்ட மொட்டைத் தலையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினான். முதல் சில நாட்கள் யாராவது கூப்பிட்டால் சட்டென்று எழுந்து விறைப்பாக நிற்பான். அதைப் பார்க்கத்தான் எங்களுக்குத் தாங்கவில்லை. பிறகு ஒருநாள் பக்கங்களையெல்லாம் படித்தான். கோழிக் கதைக்குச் சிரித்தான். பழைய சிரிப்புதான்.

“அங்க ஒருத்தன் இருக்கான்க்கா,” என்றான். “பாக்க ஆருமே வரமாட்டாங்க. அவனப் பத்தியும் மாட்டுவீங்களா?”

அவன் சொல்லச் சொல்ல அடுத்த இதழ் உருவானது. அந்தப் பையனுக்கும் இன்னும் சிலருக்கும் ஆளுக்கொரு பக்கம். இந்த முறை எந்த ரைட்டரும் வரவில்லை. எங்களுக்குத் தெரிந்து யாரும் விடுதலையாகவும் இல்லை. ஆனாலும் ஞாயிறு தவறாமல் மாட்டினோம். குளிரில் கை விறைக்க, அந்தக் கயிற்றடியில் நின்றிருந்த நாட்களைப் போல அவ்வளவு நிறைவாக நான் அப்புறம் இருந்ததில்லை.

அடுத்த கோடையில், தலைமுடி இன்னும் வளராத ஒரு பையன் பஸ்ஸை விட்டு இறங்கி, “படம் மாட்டற அக்கா ஊடு எங்கீங்க?” என்று விசாரித்துக்கொண்டு வந்தான். தம்பி சொன்ன அந்தப் பையன்தான்; தம்பியின் கடிதத்தில் விஷயம் தெரிந்து, தண்டனை முடிந்ததும் வந்திருந்தான். அவனுடைய பக்கத்தைக் காட்டினோம். ரொம்ப நேரம் பார்த்தான்.

“மூக்கு எனக்கு இப்படி இருக்காதுக்கா,” என்றான்.

“வா சாமி, உக்காரு,” என்று அவனை எதிரில் உட்காரவைத்து, அவள் மறுபடியும் வரைய ஆரம்பித்தாள்.