இலைப்பூச்சிக்கு வெயில் காட்டிய நாள்

மகள் ஒரு கண்ணாடிப் பெட்டியில் இலைப்பூச்சிகள் வளர்த்தாள். கொய்யா இலைகளுக்கு நடுவில் அவையும் இலை மாதிரியே தொங்கும். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுச் சன்னலோரம் பெட்டி இருந்தது. விடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் தேத்தண்ணியோடு அங்கே உட்கார்ந்து, எது இலை, எது பூச்சி என்று தேடுவோம்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். மூடுபனி விலகாத நாட்களில், இந்த மங்கல் வெளிச்சத்தில் இதுகள் எப்படிப் பிழைக்கும் என்று மருகுவேன். பாதியில் படிப்பை விட்டவள் நான். தெரிந்ததெல்லாம் தேயிலை நாற்றுமேடை வேலைதான். அங்கே நிழல்வலையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக் கன்றுகளை வெயிலுக்குப் பழக்குவோம்.

"அம்மா, இது தேயிலைக் கன்னு இல்ல, பூச்சி. சன்னல் வெளிச்சமே போதும். பெரட்டுல பேரு கூப்புடுற நேரமாச்சு, வேலைக்குக் கெளம்புங்க" என்று மகள் சிரிப்பாள்.

எனக்கு வேலையில்லாத ஒரு நாள், அவள் டவுனுக்குப் போன பிறகு நல்ல வெயில் அடித்தது. பெட்டியை வாசலில் வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனேன். வந்து பார்த்தால் கண்ணாடி சுட்டது. இலைகள் சுருண்டு, பூச்சிகள் அடியில் விழுந்து கிடந்தன. நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் தெளித்ததும் மெல்ல அசைந்தன.

மகள் திட்டவில்லை. "ஒங்க பயத்துக்கு இதுக தாங்காதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, பூச்சிகளைப் பெட்டியோடு, இன்னும் மேலே பட்டிப்பொல ஊரில் இருக்கிற தோழியிடம் கொடுத்துவிட்டாள்.

அங்கே இங்கிருப்பதைவிட மூட்டம். பல்புகூடப் போடாமல், சன்னலோரத்திலேயே முட்டை போட்டிருக்கின்றனவாம். கேட்டுச் சந்தோஷப்பட்டேன். மகள் இப்போது தேத்தண்ணியை அடுப்படியில் நின்றபடியே குடித்துவிட்டுப் போகிறாள். வா, உட்கார் என்று கூப்பிட அந்தச் சன்னலில் ஒன்றும் இல்லை.