அம்மா போட்ட கறுப்பு அங்கி

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். இதை நான் அடக்கமாகச் சொல்வதே இல்லை. அப்பாவும் அம்மாவும் வேப்பந்தட்டைப் பக்கம் வெங்காயக் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். பஸ் போர்டு படிப்பது, பிஸ்கட் பாக்கெட்டில் தேதி பார்ப்பது, போனில் வரும் கரண்ட் பில் மெசேஜுக்கு அர்த்தம் சொல்வது என்று எழுத்து சம்பந்தப்பட்ட எல்லா இலாகாவும் ஏழு வயதிலிருந்தே என் கையில் இருந்தன. எனக்கும் அந்தப் பதவி பிடித்திருந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து என்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குப் பதிவு செய்தபோது முதல் பட்டதாரி சான்றிதழ் கேட்டார்கள். குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் பட்டம் வாங்கவில்லை என்று தாசில்தார் ஆபீஸில் கொடுக்கும் சான்று அது. இருந்தால் கட்டணத்தில் சலுகை உண்டு. எங்கள் நிலைமையில் அந்தச் சலுகை இல்லையென்றால் கல்லூரியே இல்லை. இ-சேவை மையத்தில் உறுதிமொழிப் படிவத்தை வாங்கி, தகவல் பொய்யென்றால் சட்டப்படி நடவடிக்கைக்கு உட்படுகிறேன் என்ற வரியைச் சத்தமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் அதைவிட உண்மையான வாக்கியத்துக்கு நான் கையெழுத்துப் போட்டதில்லை என்று நினைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை வி.ஏ.ஓ. வீட்டுக்கு விசாரிக்க வருவார் என்றார்கள்.

சனிக்கிழமை காலை, அவருக்குக் காட்டப் பழைய ரேஷன் கார்டைத் தேடித் தகரப் பெட்டியைக் கவிழ்த்தேன். கல்யாணப் புடவையின் மடிப்பிலிருந்து ஒரு போட்டோ விழுந்தது.

போட்டோவில் பட்டமளிப்பு விழா அங்கி போட்ட ஒரு பெண் நின்றாள். கணுக்கால் வரை கறுப்பு, தோளில் சிவப்புப் பட்டை, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்த சுருட்டிய காகிதம். பின்னால் திரையில் வரைந்த மாளிகைப் படிக்கட்டு. அந்தப் பெண் என் அம்மா.

ரேஷன் கடையில் கட்டைவிரல் வைக்கிற என் அம்மா ஒரு பட்டதாரி. திங்கட்கிழமை வி.ஏ.ஓ. வருகிறார். படிவத்தில் என் கையெழுத்து இருக்கிறது.

அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தாள். போட்டோவை நீட்டினேன். ஒரு பார்வைதான் பார்த்தாள். ஈரக்கையோடு பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பொட்டியக் கொடையச் சொன்னது யாரு ஒன்ன?"

"அது என்னம்மா டிரெஸ்சு?"

"குளுருக்குப் போட்டது."

"ஒன் பொறந்த ஊரு ஜெயங்கொண்டத்துல ஏதும்மா குளுரு?"

"அப்ப இருந்துச்சு. போய்ச் சட்டியத் தேய்."

அப்பாவிடம் போனேன். அவர் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். "என்னக் கேக்காத பாப்பா. சொல்ல மாட்டேன்னு மாரியம்மன் கோயில்ல கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணிருக்கேன். சாமி குத்தமாயிடும்."

படித்த பெண் இல்லையா, நானே கண்டுபிடிக்கலாம் என்று உட்கார்ந்தேன். முதல் யோசனை: அம்மா படித்துவிட்டு மறைக்கிறாள். ஆனால் படித்தவள் எதற்காகப் பத்து வருஷம் என்னிடம் பஸ் போர்டைக் கேட்க வேண்டும்? இரண்டாவது யோசனை: அம்மாவுக்கு ஒரு இரட்டைப் பிறவி இருந்து, அவள் படித்து எங்கேயோ கலெக்டராக இருக்கிறாள். இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் போட்டோவில் இருந்தவளுக்கும் இடது புருவத்தில் அம்மாவின் அதே வெட்டுத் தழும்பு. இன்னொன்றும் உறுத்தியது. காகிதத்தைப் பிடித்திருந்தாளே தவிர, கை எங்கேயும் தெரியவில்லை. அங்கியின் அகலக் கை விரல் நுனிவரை மூடியிருந்தது. காலில் ரப்பர் செருப்பு.

ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூர், அரியலூர் என்று பஸ் மாறி ஜெயங்கொண்டம் போனேன். அங்கேதான் அம்மாவின் அக்கா, என் பெரியம்மா இருக்கிறார். முந்திரித் தோப்பு ஓரத்துக் கொட்டகையில், வறுத்த முந்திரிக் கொட்டையைக் கட்டையால் தட்டி உடைத்துப் பருப்பு எடுக்கிற வேலை. கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவும் அதே கொட்டகையில்தான் இருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் பெரியம்மா கட்டையைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தப் போட்டோவ இன்னுமா வெச்சிருக்கா?" என்றவர் தன் இரண்டு கைகளையும் என் முன்னால் விரித்தார். "இதப் பாரு மொதல்ல."

சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் வேலை செய்வார்கள். அப்படியும் கொட்டையின் எண்ணெய் பட்டு விரலெல்லாம் கருத்து, தோல் செதில் செதிலாக உரிந்திருந்தது.

"ஒங்கம்மாவுக்கும் இதே கையிதான். ரெண்டு எடத்துல பொண்ணு பாக்க வந்தானுவ. காப்பித் தண்ணி நீட்டுனா, மூஞ்சியப் பாக்கல, கையப் பாத்தானுவ. ஏதோ வியாதின்னு எந்திரிச்சுப் போயிட்டானுவ. மூணாவதா வேப்பந்தட்ட ஜாதகம் வந்துச்சு. மொதல்ல போட்டோ அனுப்புங்கன்னு கேட்டாங்க. இவ ஸ்டுடியோவுல போயி, கையி தெரியாம எடுங்க அண்ணேன்னு நின்னா. அவரு காலேஜ் புள்ளைங்களுக்கு வெச்சிருந்த அங்கிய எடுத்து மாட்டிட்டாரு. இதுல கையி முழுசா மறைஞ்சிரும் தங்கச்சின்னாரு."

"கையில இருக்குற சர்டிபிகேட்டு?"

"போன வருசத்துக் காலண்டரு."

நான் அவர் தோளில் சாய்ந்து சிரித்தேன். அது என்ன உடுப்பு என்று அக்கா தங்கை இருவருக்குமே அப்போது தெரியவில்லை. பணக்கார வீட்டுப் பெண்கள் போடும் கோட்டு என்று நினைத்திருக்கிறார்கள். வேப்பந்தட்டையில் போட்டோவைப் பார்த்த அப்பா வீட்டாருக்கும் தெரியவில்லை. கறுப்பு அங்கி என்றால் கோர்ட்டு என்ற அளவுக்குத்தான் அவர்கள் கண்டது. பெண் வக்கீலாம், நமக்கு எப்படித் தோதுப்படும் என்று பயந்து போனார்கள். தரகரிடம் சொல்லி அனுப்பினால் மரியாதை இல்லை என்று, வேண்டாம் என்பதைச் சொல்ல அப்பாவே பஸ் ஏறி வந்திருக்கிறார்.

"நேரா இந்தக் கொட்டாயிக்குத்தான் வந்தாரு," என்றார் பெரியம்மா. "மூஞ்சில துணி கட்டி ஒடச்சிக்கிட்டு இருந்தவகிட்டயே கேட்டாரு, ஏம்மா, இங்க கோர்ட்டுக்குப் படிச்ச பொண்ணு வூடு எதுன்னு. அவ நிமிந்து பாத்து, என்ன சங்கதின்னா. இல்ல, நான் கைநாட்டு, அவங்க பெரிய படிப்பு, சரியா வராதுங்கன்னு சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்னாரு. ஒங்கம்மா துணிய அவுத்துட்டு ரெண்டு கையையும் அவரு முன்னாடி நீட்டி, நாந்தான் அந்த வக்கீலு, நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்கன்னா."

"அப்பா என்ன சொன்னாரு?"

"என்னத்தச் சொன்னாரு. ஒக்காந்து பருப்புப் பொறுக்கிக் குடுத்தாரு, சாயங்காலம் வரைக்கும். கடைசி பஸ்ஸு போயிரும்னு நாந்தான் வெரட்டுனேன்."

அம்மா எதையாவது கறாராகச் சொன்னால் அப்பா "உத்தரவுங்க எஜமானி" என்று கும்பிடுவார். அது எந்தக் கோர்ட்டில் தொடங்கியது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை வி.ஏ.ஓ. வந்தார். நடுத்தர வயது, பொறுமையான மனிதர். நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார்: "வீட்ல வேற யாரும் டிகிரி முடிக்கலையே?"

இல்லை சார் என்று நான் நிறுத்தியிருக்கலாம். உறுதிமொழி கொடுத்தவள் எதையும் மறைக்கக் கூடாது என்ற நேர்மை எனக்கு. "இல்ல சார். போட்டோல மட்டுந்தான்," என்றேன்.

பேனா நின்றது. "என்ன போட்டோ?"

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு வாரத்துச் சோறு ரத்தாகியிருந்தது. வேறு வழியில்லாமல் உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போட்டோவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். நேர்மையாலேயே என் சீட்டு போகப்போகிறது என்று தோன்றியது.

"நீங்கதானம்மா இது?"

"நாந்தாங்க. அங்கி ஸ்டுடியோக்காரரோடது. காயிதம் காலண்டருங்க."

"எதுக்கும்மா?"

அம்மா, பெரியம்மா என்னிடம் சொன்னதையே, ஒரு வரி விடாமல், அவரிடம் சொன்னாள். கையைப் பார்த்து எழுந்து போனவர்களையும் விடவில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். தோல் எப்போதோ ஆறிவிட்டது, ஆனாலும் இழுத்துக்கொண்டாள். அப்பா தெருப்பக்கம் திரும்பி நின்றார். இந்தத் தடவை அவர் தோள் குலுங்கவில்லை.

வி.ஏ.ஓ. போட்டோவை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். "பத்திரமா வைங்கம்மா," என்றார். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டார். "பரிந்துரை பண்ணிடறேன். சர்டிபிகேட் வந்துரும்."

அவர் வாசல் தாண்டும்போது அம்மா கூப்பிட்டாள்.

"சார், ஒரு சந்தேகம். நாளைக்கே நான் படிச்சிப் பட்டம் வாங்கிட்டா, இவ சர்டிபிகேட்டு செல்லாமப் போயிடுங்களா?"

அவர் நின்று யோசித்தார். "போகாதும்மா. இன்னைய தேதிக்கு யாரும் இல்ல, அதுதான் கணக்கு. நீங்க தாராளமாப் படிக்கலாம்."

அவர் வண்டியைக் கிளப்பிப் போன பிறகு அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"ஒனக்கு என்ஜினியர் படிப்பு எத்தன வருசம்?"

"நாலு."

"வக்கீலுக்கு?"

"அஞ்சு. அதுக்கு முன்னாடி பன்னெண்டாவது வரைக்கும் இருக்கு."

அம்மா விரல்களை மடக்கிக் கணக்குப் போட ஆரம்பித்தாள். அவள் முகத்தில் விளையாட்டு எதுவும் இல்லை. எனக்கு முன்னால் அவள் பட்டம் வாங்கிவிடக் கூடாதே என்று, நான் அன்றைக்கே கல்லூரிக்கு வேண்டிய காகிதங்களையெல்லாம் ஒரு பைலில் அடுக்கத் தொடங்கினேன்.