புளிப்பானையில் ஒளித்த கம்மல்

அறுபதுகளில் தாராவியில் நாங்கள் ஜெபத்துக்குக் கூடியது ஒரு தோல் கிடங்கின் மாடியில். கீழேயிருந்து ஏறிவரும் நாற்றம் பழகிப்போய், அது இல்லாத இடத்தில் ஜெபித்தால் ஜெபித்த மாதிரியே இருக்காது. நான் திருநெல்வேலிப் பக்கத்துப் பிறவிக் கிறிஸ்தவள். கலியாணமாகி பம்பாய்க்கு வந்த இரண்டாம் வருஷம் அந்தச் சின்னச் சபையில் சேர்ந்தேன். முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கிறவர்கள் நகையைக் கழற்றிவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். தன்னை முழுசாக ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்ததற்கு அது அடையாளம்.

நானும் கழற்றினேன். சங்கிலி, நாலு வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கைக்குட்டையில் முடிந்து காணிக்கைத் தட்டில் வைத்தேன். அம்மா போட்டு அனுப்பிய சிவப்புக்கல் கம்மல் மட்டும் அந்த முடிச்சில் இல்லை. அது என் வீட்டுப் புளிப்பானையின் அடியில் துணி சுற்றிக் கிடந்தது. என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை, முழுசும் கொடுத்துவிட்டேன் என்று எழுந்து நின்று சாட்சி சொன்னேன். போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து எனக்குக் கிராக்கி. புதிதாக யார் வந்தாலும் என்னைத்தான் சாட்சி சொல்லச் சொல்வார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்பதுகூடப் போகப்போகப் பிடிபட்டுவிட்டது. வேதத்தில் நிலத்தை விற்றுப் பாதியை ஒளித்துவைத்து, முழுசும் கொடுத்ததாகப் பொய் சொல்லிச் செத்து விழுந்த கணவன் மனைவியைப் பற்றிப் போதகர் பிரசங்கம் செய்த அன்று, சபையிலேயே சத்தமாக ஆமென் சொன்னவள் நான்தான். மத்தியானங்களில் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கம்மலைப் போட்டுக் கண்ணாடி பார்ப்பேன். அதனால் என் காது ஓட்டை தூர்ந்துபோகவே இல்லை.

எதிர் வீட்டுக்காரி என்னைவிடச் சின்னவள், எங்கள் ஊர்ப் பக்கம்தான். அவளிடம் இருந்த பொன் ஒரு ஜோடிக் கம்மல்தான். என் சாட்சியைக் கேட்ட மூன்றாம் வாரம் அதைக் கழற்றிக் கொடுத்தாள். முடிச்சு கிடிச்சு எதுவும் இல்லை. உள்ளங்கையில் வைத்து எல்லோரும் பார்க்கக் கொண்டுவந்து தட்டில் போட்டாள். அவள் புருஷன் ஒரு மாசம் அவளோடு பேசவில்லை. அவள் அதை யாரிடமும் சொல்லிக் குறைப்பட்டுக்கொள்ளவும் இல்லை. அவள் காது சீக்கிரமே தூர்ந்துபோயிற்று.

அடுத்த மழைக்காலத்தில் எங்கள் அறைக்குள் முழங்கால் தண்ணீர். எதிர் வீடு இரண்டு படி உயரம். அரிசி, துணி, பாத்திரம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அவளே வந்து தூக்கிக்கொண்டு போனாள். அதோடு புளிப்பானையும் போய்விட்டது. எனக்கு அது நினைவு வந்தபோது அவள் அடுப்பில் எங்கள் எல்லோருக்கும் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது.

ஆண்கள் சாப்பிட்டு எழுந்து போனதும், ஒரு துணி முடிச்சை என் மடியில் வைத்தாள்.

"புளிக்குள்ள கெடந்துச்சுக்கா. பத்திரமா வைங்க."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பொய் தயாராக இருந்தது. தங்கச்சி கொடுத்துவைத்தது என்று சொல்லியிருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோவண்டியிலிருந்து ஒரு குடும்பம் புதிதாக வந்திருந்தது. போதகர் வழக்கம்போல என்னைப் பார்த்தார். எதிர் வீட்டுக்காரி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் கம்மலை இடுப்பில் செருகிக்கொண்டு போயிருந்தேன். எழுந்து நின்றேன். பழைய சாட்சியையே ஒரு சொல் குறையாமல் சொன்னேன். தழுதழுக்க வேண்டிய இடத்தில் தழுதழுக்கவும் செய்தேன். பொன்னைக் கொடுக்க அன்று எனக்குத் தயக்கமே இல்லை. சபையில் எனக்கிருந்த நல்ல பேரைக் கொடுக்கத்தான் மனசு வரவில்லை. இதை எழுதும்போதுகூட முகம் சுடுகிறது.

கூட்டம் முடிந்து மாடிப்படியில் இறங்கும்போது அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். குத்திக்காட்டப் போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் பயந்துபோயிருந்தாள்.

"யக்கா, கொஞ்சம் வச்சிக்கிட்டுக் குடுத்தாலும் ஆண்டவரு ஏத்துக்கிடுவாரா? தெரியாம நாந்தான் அவசரப்பட்டு எல்லாத்தையும் குடுத்துட்டனோ?"

ஏற்றுக்கொள்வார் என்று சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவள் கொடுத்தது வீணாகப் போயிருக்கும். அவள் காதைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

"ஏத்துக்கிட மாட்டாரு," என்றேன். "நீ செஞ்சதுதான் சரி."

அந்தச் சபையில் சேர்ந்த பிறகு நான் சொன்ன முதல் சாட்சி அதுதான். அவளுக்குப் போன உயிர் திரும்பிவந்தது. தூர்ந்த காதைத் தடவிக்கொண்டு சிரித்தாள். பிறகு, நான் சொன்னதன் மறுபாதி அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். சிரிப்பை நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஒங்களுக்காவ செபம் பண்ணுதேன்க்கா," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

கம்மல் இடுப்பில் உறுத்திக்கொண்டிருந்தது. போதகர் இன்னும் மேலேதான் இருந்தார், பாய் சுருட்டும் சத்தம் கேட்டது. திரும்பி ஏறினால் பத்துப் படிதான் இருக்கும். நான் வீட்டுக்குப் போனேன்.