காற்று சாய்த்த சைக்கிள்

எங்கள் சைக்கிளைக் காற்று சாய்த்தது என்பதுதான் வீட்டில் நிலைத்துப்போன வரலாறு. சாய்த்தது நான்தான் என்பதை இப்போதாவது எழுதி வைக்கிறேன். இனி யாரும் என்னை அடிக்கப் போவதில்லை. அன்றும் யாரும் அடிக்கவில்லை.

பதுளைக்கு ரயில் வராத காலம். ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா மருந்துக்காரராக இருந்தார். அந்த வருடத்து மழையில் அம்மா காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். மருந்துக்காரர் வீட்டிலேயே மருந்து பலிக்கவில்லை என்று தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அப்பா வீட்டில் இருப்பதே குறைந்துவிட்டது. காலையில் சோற்றை வடித்து மூடி வைத்துவிட்டு, சைக்கிளில் தோட்டத்தின் அடிவாரப் பிரிவான கீழ்க்கணக்குக்குப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார்.

எனக்கு ஏழு வயது. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விடுகிற வயது தாண்டிவிட்டது. மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிற வயது வரவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எல்லோரும் போனபின் லயமே வெறிச்சோடிக் கிடக்கும். எங்கள் வீடு அதற்கும் மேலே தனியாக இருந்தது. பகல் முழுவதும் நானும் ஒரு கோழியும்தான். அந்தக் கோழியிடம் பேசிய அளவுக்கு நான் பின்னாளில் யாரிடமும் பேசியதில்லை. பாதிக் கதையில் அதுவும் எழுந்து போய்விடும்.

ஒருநாள் காலை அப்பா உள்ளே கோட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் நின்ற சைக்கிளைச் சரிவு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்க் கையை விட்டுவிட்டேன். சைக்கிள் இல்லாவிட்டால் அப்பா போகமாட்டார் என்று நினைத்தேன். அது தானாகக் கொஞ்ச தூரம் ஓடி, மழைத்தண்ணீர் ஓடும் கானில் முன்சக்கரம் இறங்கி, தலைகுப்புற விழுந்தது. தூக்கிப் பார்த்தால் சக்கரம் பொரித்த அப்பளம் போல நெளிந்திருந்தது.

சத்தம் கேட்டு அப்பா வந்தார்.

"யாரும்மா தள்ளுனது?"

"காத்துப்பா."

எங்கள் மலையில் காற்று மாதங்களில் கூரைத் தகரமே பறக்கும். ஆனால் அன்றைக்கு ஒரு கொழுந்துகூட அசையவில்லை. அப்பா கானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மருந்துப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே போய்விட்டார். நடந்தும் போகலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் கழித்து வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பதுளைக்கு இறங்கினார். வழி நெடுக ஒரு முடிவோடு நடந்தேன். இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது. அப்பா கேட்கவில்லை. வழியில் ஓடையைக் காட்டி, "தண்ணி குடிக்கிறியா?" என்று மட்டும் கேட்டார்.

பஜாரில் ஒரு முஸ்லிம் நானாவின் சைக்கிள் கடை இருந்தது. கொழும்பிலிருந்து வந்த புதுச் சக்கரங்கள் கூரையிலிருந்து வரிசையாகத் தொங்கின. நானா எங்கள் சக்கரத்தைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்தார்.

"எப்படி ஐயா இப்படி ஆச்சு?"

"காத்துல சாஞ்சிருச்சு."

"நின்ன எடத்துல சாஞ்சா இப்படி மடங்காதே ஐயா. இது ஓடி விழுந்த சக்கரம். யாரோ உருட்டி விட்டிருக்கு." சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்குக் காது இரண்டும் சுட்டது.

அப்பா சக்கரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "எங்க தோட்டத்துக் காத்து உங்களுக்குத் தெரியாது நானா."

"புதுச் சக்கரம் இருக்கு. இப்பவே போட்டுத் தாரேனே?"

"வேணாங்க" என்று அப்பா படியிறங்கிவிட்டார்.

அதைவிட நல்ல கடை பதுளையில் கிடையாது. நாங்கள் ஆற்றங்கரைப் பக்கம் போனோம். அங்கே பட்டறை வைத்திருந்த ஒரு சிங்கள பாஸ் மாட்டு வண்டிச் சக்கரங்களுக்கு இரும்புப் பட்டை அடித்துக்கொண்டிருந்தார். சைக்கிள் சக்கரத்தை அவர் அதிகம் தொட்டிருக்க மாட்டார். ஆனால் எப்படி வளைந்தது என்று அவர் கேட்கவில்லை. அப்பா உடனே அவரிடம் கொடுத்துவிட்டார்.

மூன்று வாரம் அப்பா நடந்தார். நான் விழிக்கும் முன்பே கிளம்பிவிடுவார். கோழிக்கு என் கதையெல்லாம் அலுத்துப்போயிற்று. நானா அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் புரியாத அப்பாவை நினைத்தால் பாவமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. சக்கரம் வந்தது. பாஸ் அவருக்குத் தெரிந்தவரை தட்டி நிமிர்த்தியிருந்தார். கடைசி வரைக்கும் அந்தச் சைக்கிள் நொண்டிக்கொண்டே ஓடியது. நல்ல கடை இருக்க ஏன் அங்கே கொடுத்தீர்கள் என்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கேட்டபோது, "நமக்கு அது ஒத்து வரல" என்றார் அப்பா.

சக்கரம் வந்த அன்று மாலை சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, ஒரு கயிற்றை என் கையில் கொடுத்தார்.

"காத்து வரும். தூணோட சேத்து நீயே கட்டும்மா. காலையில நீயே அவுத்து விடு."

அதிலிருந்து தினமும் கட்டினேன். காற்று மாதம் போய் மழை மாதம் வந்த பிறகும் கட்டினேன். முடிச்சுப் போட்டு முடியும்வரை அப்பா ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார். காலையில் அவிழ்க்கும்போதும் அப்படியே நிற்பார். அவசரப்படுத்த மாட்டார். அதனால் நான் ஒரு முடிச்சை இரண்டாக்கினேன், இரண்டை நாலாக்கினேன். நாள் போகப்போக அவிழ்க்கவே அரை நாழிகை ஆயிற்று.

காற்றுக்கு இவ்வளவு பயப்படுகிறாரே என்று அப்போது எனக்குச் சிரிப்பாக இருந்தது. முடிச்சுகள் கூடிக்கொண்டே போனதையும் அவர் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.