நஸ்ரினின் பரீட்சைக்கு ஒரு கை தேடி: செங்கல்பட்டிலிருந்து கஸ்தூர்பா நகர் வரை

படித்த கல்லூரிக்கு இந்த வயதில் என்ன செய்ய முடியும் என்று என் வயதுக்காரர்கள் சிலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். பணம் கொடுக்கலாம், கட்டடத்துக்குப் பெயர் வைக்கலாம், அதெல்லாம் இருக்கட்டும். போன ஏப்ரலில் நான் கிளம்பிப்போய் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்கிறேன். போகிறவர்கள் விவரம் தெரிந்துகொண்டு போகலாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் கல்லூரிப் பழைய மாணவியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. பார்வையில்லாத மாணவி ஒருத்திக்கு மறுநாள் காலை பத்து மணிக்குப் பரீட்சை. அவள் வாயால் சொல்வதை எழுத ஓர் ஆள் வேண்டும். வழக்கமாக வருகிற பெண்ணுக்கு அதே நேரத்தில் அவள் கல்லூரியில் தேர்வு. தாள் இந்திய வரலாறு, தமிழ் வழி. உடனே எங்கள் சங்கத் தலைவி, "நம்ம வசந்தி இருக்கும்போது வேற யாரு? எம்.ஏ. ஹிஸ்டரி, முப்பது வருஷம் டீச்சர்" என்று போட்டுவிட்டாள். கீழே வரிசையாகக் கும்பிடு படங்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை. சரி என்றேன்.

செங்கல்பட்டில் ஆறு நாற்பது மின்சார ரயில். மாம்பலத்துக்கு டிக்கெட் பதினைந்து ரூபாய், ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். எட்டு மணிக்கு இறங்கினேன். அந்த நேரத்து ரங்கநாதன் தெருவைப் பார்த்திருக்கிறீர்களா? ஷட்டர்கள் மூடியிருக்க, தண்ணீர் தெளித்துப் பெருக்கிக்கொண்டிருப்பார்கள், கையை வீசி நடக்கலாம். உஸ்மான் ரோடு பக்கம் ஒரு கடையில் பொங்கல் அறுபது ரூபாய். அங்கிருந்து மயிலாப்பூர் லஸ்ஸுக்கு ஆட்டோ நூற்று நாற்பது. ஐந்து கிலோமீட்டர்தான், ஆனால் மெட்ரோ வேலைக்காக வழி மாற்றி விட்டிருப்பதால் அரை மணி நேரம் ஆயிற்று.

கல்லூரி லஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சின்னத் தெருவில் இருக்கிறது. பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்கள் கூச்சப்படுவார்கள். பார்வையற்ற மாணவியருக்குப் பொறுப்பு மீனாட்சி மேடம். அவர் அறையில் மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நஸ்ரின். அப்பாவுக்குச் சிந்தாதிரிப்பேட்டையில் சின்ன மெக்கானிக் கடை. மூன்று வருஷப் படிப்பில் இந்த ஒரு தாள்தான் பாக்கி. அதுவும் அவள் குற்றமில்லை. போன முறை எழுத வந்த பெண்ணுக்கு வேகம் போதாமல் பாதிக் கேள்விகள் விட்டுப்போய்விட்டன. இப்போது தேறினால் டிகிரி வரும், பி.எட். சேரலாம், அவளுக்கு டீச்சராக வேண்டும். இன்றைக்கு எழுதாவிட்டால் மறுபடி நவம்பர். பி.எட். சேர்க்கை அதற்குள் முடிந்துவிடும், ஒரு வருஷம் போய்விடும்.

"நீங்க எந்த மேஜர், மேடம்?" என்று மீனாட்சி மேடம் சாதாரணமாகத்தான் கேட்டார். நானும் பெருமையாகத்தான் ஹிஸ்டரி என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

விதி என்னவென்றால், எழுத வருபவர் அந்தப் பாடத்தைப் படித்தவராக இருக்கக்கூடாது. அதோடு, தேர்வு எழுதும் மாணவியைவிட ஒரு படியாவது குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும். சங்கத்துக்கு இது தெரிந்திருக்கும் என்று மேடம் நினைத்திருக்கிறார். நாங்களோ, அதிகம் படித்தவளை அனுப்பினால் அவ்வளவுக்கு நல்லது என்று நினைத்துவிட்டோம். சங்கத்தில் இருக்கிற அத்தனை பேரும் பட்டதாரி. பலர் முனைவர். அந்தக் காலை வேளையில் ஒருத்திகூட எதற்கும் லாயக்கில்லை!

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மேடம் கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போன் போட்டார், கோடை விடுமுறை, ஆள் இல்லை. அலுவலக உதவியாளரும் மாலை வகுப்பில் டிகிரி வாங்கியவர். பத்தரை வரைக்கும் தாமதமாக வந்தால் உள்ளே விடலாம், அதற்கு மேல் தன் கையில் இல்லை என்றார் மேடம். நஸ்ரின் பையை இன்னும் இறுக்கினாள்.

அப்போதுதான் கோமதி ஞாபகம் வந்தாள். நானும் அவளும் ஒரே பஸ்ஸில் கல்லூரிக்கு வந்தவர்கள். அவள் கெமிஸ்ட்ரி. முத்து முத்தாக எழுதுவாள், வேகமாகவும் எழுதுவாள். இரண்டாம் வருஷம் முடிந்ததும் கல்யாணம் பண்ணி வைத்துவிட்டார்கள், படிப்பு அங்கேயே நின்றுவிட்டது. பழைய மாணவியர் சங்கம் தொடங்கியபோது, தேர்ச்சி பெற்ற ஆண்டு கேட்டார்கள். அவளிடம் அப்படி ஓர் ஆண்டு இல்லை. சேர்த்துக்கொள்ளவில்லை. போன் பண்ணினேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "என்னை விட்டுடு வசந்தி" என்று வைத்துவிட்டாள்.

வீடு கஸ்தூர்பா நகர், அடையாறு. மணி ஒன்பது பத்து. வாசலில் ஆட்டோவை மடக்கினேன், நூற்று எண்பது என்றார், பேரம் பேசவில்லை. மந்தைவெளி தாண்டுவதற்குள் நான் நாலு முறை அவரை அவசரப்படுத்திவிட்டேன்.

"இன்னாம்மா, யாருனா ஆஸ்பத்திரில கீறாங்களா?"

பரீட்சை என்றேன். கண்ணாடியில் என் நரைத்த தலையை ஒரு முறை பார்த்தார்.

"உங்களுக்காம்மா?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். விஷயத்தைச் சொன்னதும் மனிதர் மாறிவிட்டார். எங்கே பார்த்தாலும் தோண்டிக்கினு கீறான் என்று திட்டியபடியே சந்துக்குச் சந்து புகுந்தார். ஆனாலும் அடையாறு பாலத்தில் வண்டி நின்றது நின்றதுதான். முன்னால் பஸ், பக்கத்தில் தண்ணி லாரி. இறங்கி ஓடலாமா என்றுகூடத் தோன்றியது. என் முட்டியைப் பற்றி எனக்குத் தெரியும், உட்கார்ந்திருந்தேன். கோமதி வீட்டு வாசலில் இறங்கும்போது மணி ஒன்பது நாற்பத்தைந்து.

கதவைத் திறந்தவள் உள்ளே வா என்று சொல்லவில்லை. கையில் கரண்டி. அடுப்பில் ஏதோ தாளித்திருந்தாள், வாசனை வந்தது. நான் மூச்சு வாங்கிக்கொண்டே, படித்தவர்கள் யாரும் எழுதக்கூடாதாம், டிகிரி முடிக்காததால் நீதான் எழுத முடியும் என்று போட்டு உடைத்துவிட்டேன். வேறு எப்படிச் சொல்வது? அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு நேரமும் இல்லை, சாமர்த்தியமும் இல்லை.

கோமதி என்னையே பார்த்தாள்.

"நாப்பது வருஷமா அதைச் சொல்லித்தான் என்னை வெளியில நிறுத்தினீங்க. இப்ப அதுக்காகவே உள்ள கூப்பிடறியா?"

அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. சங்கத்தில் நானும்தானே இருக்கிறேன், ஒருநாளாவது அவளுக்காகக் கேட்டேனா? அழுகை வந்துவிட்டது, அழவும் நேரமில்லை. மீனாட்சி மேடம் எண்ணை அழுத்தி, நஸ்ரினிடம் கொடுக்கச் சொல்லி, போனைக் கோமதி கையில் திணித்தேன். ஸ்பீக்கரில் அந்தப் பெண்ணின் குரல் மெதுவாக வந்தது.

"ஆண்ட்டி, பாடம் எல்லாம் எனக்குத் தெரியும். நீங்க எதுவும் சொல்லித்தர வேணாம். எழுத ஒரு கை மட்டும்தான் ஆண்ட்டி இல்ல."

கோமதி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "நான் எழுதி ரொம்ப வருஷம் ஆச்சும்மா. நிதானமாச் சொல்லு" என்றாள். அடுப்பை அணைத்தாள், கண்ணாடியைத் தேடினாள், பீரோவிலிருந்து ஆதாரையும் பழைய பிளஸ் டூ மார்க் ஷீட்டையும் எடுத்தாள். அதை அவள் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாள்.

நான் ஆட்டோ பிடிக்கப் போனேன். அவள் கையைப் பிடித்து இழுத்தாள். பாலத்தில் மாட்டினால் மதியம்தான் போவாய், பறக்கும் ரயிலில் போகலாம் என்றாள். நல்லவேளை, உள்ளூர்க்காரி. கஸ்தூர்பா நகர் ஸ்டேஷன் பத்து நிமிஷ நடை, டிக்கெட் ஐந்து ரூபாய். மேலே போனால் பிளாட்பாரம் வெறிச்சோடிக் கிடந்தது. ரயில் இப்போதுதான் போனதா, வரப்போகிறதா, ஒன்றும் தெரியவில்லை. மேடம் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். கோமதி விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். "கை நடுங்குதுடி" என்றாள். பயத்திலா வயதிலா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பத்து ஏழுக்கு வண்டி வந்தது. திருமயிலையில் இறங்கும்போது பத்து பதினாறு. அந்த ஸ்டேஷன் படிகள் இறங்கத் தீராது, முட்டிவலிக்காரர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஏறக்குறைய எழுநூறு மீட்டர். நடந்தோம் என்று சொல்ல முடியாது, ஓடினோம் என்றும் சொல்ல முடியாது. தேர்வு அறை வாசலில் மேடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மணி பத்து இருபத்தாறு.

"என்ன படிச்சிருக்கீங்க?"

"பிளஸ் டூ" என்றாள் கோமதி. எத்தனையோ கல்யாண வீடுகளில் இந்தக் கேள்விக்கு அவள் பேச்சை மாற்றியதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத் தலையை நிமிர்த்திச் சொன்னாள்.

"அது போதும், வாங்க வாங்க."

கதவு மூடியது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

நஸ்ரினுக்குச் சலுகை நேரமும் சேர்த்து இரண்டு மணி வரை. வெளியே ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். கோமதி கை பாதியில் நின்றுவிட்டால்? போன தடவை மாதிரியே ஆகிவிட்டால், அந்தப் பழி என் தலையில்தானே? குழுவில் யாரோ "என்ன ஆச்சு வசந்தி" என்று கேட்டிருந்தார்கள். பதில் போடப் பிடிக்கவில்லை.

இரண்டு மணிக்கு இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். யார் யாரைக் கூட்டி வருகிறார்கள் என்று தெரியவில்லை, கோமதிக்கு அவ்வளவு களைப்பு. விரல் மடங்கவில்லை, நடுவிரலில் பேனா அழுத்திய தடம். எல்லாக் கேள்வியும் எழுதியாகிவிட்டது என்றாள் நஸ்ரின். மூவரும் பக்கத்து மெஸ்ஸில் சாப்பிட்டோம், சாப்பாடு நூற்று முப்பது. சாப்பிடும்போது நஸ்ரின் விடைகளை ஒவ்வொன்றாக ஒப்பித்தாள். ஓர் இடத்தில் தப்பு, எனக்கு உடனே தெரிந்தது. நான் எழுதியிருந்தால் என் கை தானாகத் திருத்தியிருக்கும், முப்பது வருஷ டீச்சர் புத்தி. விதி ஏன் அப்படி வைத்தார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. ரசத்தை ஊற்றிக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: கல்லூரியில் முன்கூட்டியே பேசுங்கள், உங்கள் பாடத்தையும் படிப்பையும் சொல்லுங்கள். பட்டதாரிகள் நாம் பெரும்பாலும் எழுத முடியாது. ஆனால் பாடங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கலாம், ஆள் தேடிக் கொடுக்கலாம், அவர்களைக் கூட்டி வந்து கூட்டிப்போகலாம். நான் இப்போது அதைத்தான் செய்கிறேன். அடையாறு பக்கமிருந்து மயிலாப்பூருக்குக் காலை வேளையில் சாலையை நம்பாதீர்கள், பறக்கும் ரயில்தான். அதோடு, உங்கள் பேட்ச்சில் படிப்பை முடிக்காமல் போனவர்கள் யாராவது இருந்தால், அவசரம் வரும்வரை காத்திருக்காதீர்கள். நான் காத்திருந்தேன், அந்தக் கதவு வாசலில் நின்று அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஜூனில் ரிசல்ட் வந்தது. நஸ்ரின் தேறிவிட்டாள், பி.எட். சேர்ந்துவிட்டாள். அன்றைக்கே நான் சங்கத் தலைவியோடு சண்டை போட்டுக் கோமதியைக் குழுவில் சேர்க்க வைத்தேன். சேர்த்த கையோடு யாரோ வழக்கம்போல, வரவேற்பாகத்தான், கேட்டுவிட்டார்கள்: "வாங்க கோமதி, நீங்க எந்த பேட்ச்?" எனக்குப் பகீரென்றது. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று அவசர அவசரமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அதற்குள் கோமதியின் பதில் வந்துவிட்டது.

"நஸ்ரின் பேட்ச்."