பாய் ஐஸ் வைத்து அனுப்பிய சுவர்க்கோழிகள்

அந்தக் கோடையில் நாங்கள் அனுப்பிய பார்சல்களில் இரண்டு, வெயிலில் வெந்து பிணமாகத்தான் போய்ச் சேர்ந்தன. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு பழைய ஷெட்டில் நாங்கள் சுவர்க்கோழி வளர்க்கிறோம். வீட்டு மூலையில் ஒளிந்துகொண்டு கத்துமே, அதேதான். செல்லமாகப் பல்லி வளர்ப்பவர்கள் அதற்கு உயிருள்ள பூச்சியைத்தான் போட வேண்டும். தொழிலில் இதற்கு கிரிக்கெட் என்று பெயர். மாமியார் கிரிக்கெட் கம்பெனியில் சூப்பர்வைசர் என்று என் மருமகன் வெளியில் சொல்லிக்கொள்கிறார். நானும் அதைத் திருத்துவதில்லை.

முதலாளி காதர் பாய். பழவேற்காட்டில் தலைமுறையாக இறால் வியாபாரம் செய்த குடும்பம். நல்ல மனுஷன், ஆனால் எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் ஒரே மருந்துதான்: ஐஸ். எனக்குக் கால் சுளுக்கியபோதும் அதுதான், பல்வலிக்கும் அதுதான்.

செத்த பார்சல் இரண்டும் சென்னையில் ஒரே வாடிக்கையாளருக்குப் போனவை. அவருடைய புள்ளிப்பல்லி பட்டினி கிடந்தது. கடைப் புழுவைப் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். அந்த ஜாதிப் பல்லிக்குக் கொழுப்பு வாலில்தான் சேரும். வால் குச்சியாக இளைத்துவிட்ட போட்டோவை அனுப்பியிருந்தார். அடுத்த பார்சலும் செத்துப் போனால் பல்லி பிழைக்காது.

மூன்றாவது பார்சலை முட்டை அட்டை வைத்துப் பக்குவமாகக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வருவதற்குள் பாய் அதைத் தெர்மாகோல் பெட்டிக்குள் இறக்கி, சுற்றிலும் ஐஸ் பாக்கெட் அடுக்கி, அன்றே சேரும் கூரியரில் போட்டுவிட்டார். என் பேச்சுக்கு மரியாதையாக, காற்றுக்கென்று மூடியில் நாலு ஓட்டை மட்டும் போட்டாராம்.

"இறாலு எம்மாம் தூரம் போனாலும் ஐஸ்ல கெட்டுப்போவாது மேரிம்மா. இது மட்டும் இன்னா கெட்டுப்பூடுமா?" என்றார்.

"இறாலு செத்தப்புறம்தானே பாய் ஐஸுக்குப் போவுது" என்றேன்.

சாயங்காலம் வாடிக்கையாளர் போன் செய்தார். பெட்டியில் ஒன்றுகூட அசையவில்லை, எல்லாவற்றையும் கிச்சன் குப்பைக்கூடையில் கொட்டிவிட்டேன், இனி உங்கள் சங்காத்தமே வேண்டாம் என்று வைத்துவிட்டார். பாயைப் பிடித்துக்கொண்டேன். முதலாளி என்றும் பார்க்காமல் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு டீ குடித்தார்.

மறுநாள் காலையில் வாடிக்கையாளரின் மனைவி போனில் பேசினார். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பல்லியைக் கண்டாலே ஆகாது என்று புருஷனே சொல்லியிருந்த அம்மா.

"நீங்க அனுப்புன செத்த பூச்சியெல்லாம் எழுந்து என் கிச்சன் முழுக்க குதிச்சிக்கினு இருக்குது" என்றார்.

குளிரில் விறைத்துக் கிடந்தவை சூடு கண்டதும் எழுந்துவிட்டன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பூச்சிமருந்து மட்டும் அடித்துவிடாதீர்கள், அந்தப் பூச்சியைத் தின்றால் பல்லிக்கு விஷம் என்று கெஞ்சினேன்.

"அடிக்கல. அவரு ஆபீஸ் போய்ட்டாரு. நானே பல்லியத் தூக்கி கீழ உட்டேன். தொரத்தித் தொரத்தித் துன்னுது. பார்த்துக்கினே இருந்தேன், எனக்கு அழுவையே வந்துடுச்சு."

ஸ்பீக்கரில் பாயும் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு டீ சொன்னார், எனக்கும் சேர்த்து.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பூச்சி அசையாவிட்டால் உடனே கொட்டாதீர்கள், ஒரு மணி நேரம் வெளியில் வைத்துப் பாருங்கள். முதலாளியைத் திட்டுவதற்கும் அதே ஒரு மணி நேரம் பொறுங்கள்.